ஒரே கம்பியில் நாலு பிரிவு

இந்த முறை எழுதப்போவது ஸ்விட்ச் பற்றி. விளக்குப் போடும் ஸ்விட்ச் இல்லை. வங்கியிலோ மருந்துக்கடையிலோ மேசைக்கு அடியில் ஒரு தட்டையான பெட்டியைப் பார்த்திருப்பீர்கள். பத்து இருபது நீலக் கம்பிகள் செருகியிருக்கும், பச்சை விளக்குகள் மினுமினுத்துக்கொண்டே இருக்கும். கம்ப்யூட்டர்களை ஒன்றோடொன்று சேர்க்கும் அந்தப் பெட்டிக்கும் ஸ்விட்ச் என்றுதான் பெயர். எழுபது வயதுக்கு மேல் இது நமக்கு எதற்கு என்று கேட்கலாம். நம் ரத்தப் பரிசோதனை முடிவு, வங்கிக் கணக்கு, பென்ஷன் விவரம் எல்லாம் இன்றைக்கு இந்தப் பெட்டி வழியாகத்தான் போய் வருகிறது. அதனால் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

சிதம்பரத்தில் ஒரு சிறு தர்ம மருத்துவமனைக்கு நான் சில வருடங்களாகப் பொருளாளர். பெயர் வேண்டாம். இரண்டு கட்டிடம், நடுவில் ஒரு சந்து. முன் கட்டிடத்தில் பதிவு, மருத்துவர் அறைகள், காத்திருக்கும் கூடம். பின் கட்டிடத்தில் ஆய்வகம், கணக்கு அறை. முதலில் ஒரே ஒரு கம்ப்யூட்டர்தான் இருந்தது. பிறகு பதிவுக்கு ஒன்று, ஆய்வகத்துக்கு ஒன்று, கணக்குக்கு ஒன்று, பிரின்டர் ஒன்று என்று சேர்ந்தது. திருட்டுப் பயத்தில் கேமரா வைத்தோம். கூட வருகிறவர்கள் மணிக்கணக்காக உட்கார வேண்டியிருக்கிறதே என்று ஒரு நன்கொடையாளர் செலவில் கூடத்தில் இலவச வைஃபையும் போட்டோம். ஒவ்வொன்றையும் ஒவ்வொரு ஆள் வந்து மாட்டினார். காலியாக இருந்த ஓட்டையில் கம்பியைச் செருகிவிட்டு, "வேலை செய்யுது சார்" என்று கையெழுத்து வாங்கிக்கொண்டு போனார்.

ஒருநாள் கணக்கு அறைப் பிரின்டர் தானாக ஓட ஆரம்பித்தது. வெளியே வந்தது யாரோ ஒரு பெண்ணின் தேர்வு நுழைவுச்சீட்டு. கூடத்தில் உட்கார்ந்திருந்த யாரோ கைபேசியில் எதையோ அழுத்த, கைபேசி பக்கத்தில் எது பிரின்டர் என்று தேடி எங்களுடையதைக் கண்டுபிடித்திருக்கிறது. எல்லோரும் சிரித்தோம். இரண்டு மாதம் கழித்து நடந்ததற்கு யாரும் சிரிக்கவில்லை. பாட்டியை அழைத்து வந்திருந்த கல்லூரி மாணவன் ஒருவன் கணக்கு அறை வாசலில் வந்து நின்றான். "ஐயா, இது உங்க போல்டர்னு நினைக்கிறேன். என் போன்ல தெரியுது" என்று காட்டினான். ஆய்வகத்தின் முடிவுகள் வரிசையாக இருந்தன. ஒவ்வொரு கோப்பின் பெயரிலும் நோயாளியின் பெயர், பக்கத்திலேயே என்ன பரிசோதனை என்று.

சிறிய ஊர் எப்படி என்று உங்களுக்குத் தெரியும். எந்தப் பெண் எந்தப் பரிசோதனைக்கு வந்தாள் என்பது ஒரு தெருவுக்குத் தெரிந்தால் போதும், ஒரு கல்யாணம் நின்றுவிடும். அந்தப் பையன் நல்லவன், வந்து சொன்னான். அவனுக்கு முன்னால் எத்தனை பேர் பார்த்துவிட்டுச் சொல்லாமல் போனார்கள் என்பதற்கு எந்தப் பதிவேடும் இல்லை.

அன்று இரவே கடலூரில் இருக்கும் என் தங்கை பேரனுக்குப் போன் செய்தேன். மஞ்சக்குப்பத்தில் சின்னதாக நெட்வொர்க் வேலை எடுத்துச் செய்கிறான். நான் சொன்னதைக் கேட்டுவிட்டு, "தாத்தா, உங்க ஆஸ்பத்திரில சுவரே இல்ல. எல்லாரும் ஒரே ஹால்ல உக்காந்திருக்காங்க. வீலேன் போடணும்" என்றான். வீலேன் என்றால் என்ன என்று அவனைத் துளைத்துத் தெரிந்துகொண்டதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

கம்ப்யூட்டர்களைக் கம்பியில் சேர்க்கும் இந்த முறைக்கு ஈதர்நெட் என்று பெயர். 1973-இல் அமெரிக்காவில் ஜெராக்ஸ் நிறுவனத்தில் வேலை பார்த்த ராபர்ட் மெட்கால்ஃப் என்பவர் வைத்த பெயர். ஈதர் என்பது, ஒளியைச் சுமந்து செல்வதாக அந்தக் கால விஞ்ஞானிகள் நம்பிய, எங்கும் நிறைந்த ஒரு பொருள். நம் பாஷையில் ஆகாசம். ஆகாயத் தலமான சிதம்பரத்தில் உட்கார்ந்து இதைக் கேட்டபோது எனக்குக் கொஞ்சம் சிரிப்பு வந்தது. முதலில் எல்லாக் கம்ப்யூட்டர்களும் ஒரே தடிமனான கம்பியில் தொங்கின. ஒன்று பேசினால் எல்லாவற்றுக்கும் கேட்கும்.

பிறகு ஸ்விட்ச் வந்தது. அதற்குக் கொஞ்சம் ஞாபகசக்தி உண்டு. எந்த ஓட்டையில் எந்த இயந்திரம் இருக்கிறது என்று அதன் முகவரியைப் பார்த்துக் குறித்து வைத்துக்கொள்ளும். அந்த ஓட்டைக்குப் போர்ட் என்று பெயர். ஒருவருக்கு வந்த கடிதத்தை அவர் போர்ட்டுக்கு மட்டும் அனுப்பும். ஆனால் சில செய்திகள் எல்லோருக்குமான தண்டோரா. "பிரின்டர் யாராவது இருக்கீங்களா?" "இந்த எண்ணுள்ள கம்ப்யூட்டர் யாருங்க?" என்று கேட்கும் கேள்விகள் எல்லா ஓட்டைக்கும் போகும். பதில் சொல்ல வேண்டியது பதில் சொல்லும். கூடத்திலிருந்த கைபேசி போட்ட தண்டோராவுக்கு எங்கள் பிரின்டர் பதில் சொன்னதில் அதன் தப்பு எதுவுமில்லை. இரண்டையும் ஒரே ஊரில் குடிவைத்தது நாங்கள்தானே.

தனி ஊர் வேண்டுமென்றால் தனிப் பெட்டி, தனிக் கம்பி போடலாம். நாலு பிரிவுக்கு நாலு பெட்டி, சந்தைத் தாண்டி நாலு கம்பி. செலவு கட்டாது. வீலேன் இதற்கு மாற்று. பெட்டி ஒன்றுதான். ஆனால் அதன் போர்ட்டுகளை, "ஒன்று முதல் ஆறு வரை இந்தப் பிரிவு, ஏழு முதல் பத்து வரை அந்தப் பிரிவு" என்று உள்ளேயே எழுதி வைத்துவிடலாம். ஒரு பிரிவின் தண்டோரா இன்னொரு பிரிவுக்குக் கேட்காது. வேறு வேறு கட்டிடத்தில் இருந்தாலும் ஒரே பிரிவென்றால் ஒன்றாகவே பேசிக்கொள்ளும்.

இது நம் பக்கத்து ஆட்களுக்குப் புரியாத விஷயமே இல்லை. புதுச்சேரியை எடுத்துக்கொள்ளுங்கள். பெண்ணையாற்றைத் தாண்டினால் ஒரு ஊர் பாகூர் கொம்யூனில், அடுத்த ஊர் தமிழ்நாட்டில், அதற்கடுத்தது மறுபடியும் புதுச்சேரியில். காரைக்கால் நூறு கிலோமீட்டருக்கு மேல் தெற்கே, ஏனாம் ஆந்திராவுக்குள், மாஹே கேரளாவுக்குள். மண் ஒன்றோடொன்று கலந்து கிடக்கிறது, ஆனால் நிர்வாகம் ஒன்று. பக்கத்து வயல்காரன் வேறு பிரிவு, எங்கோ இருக்கும் மாஹேக்காரன் அதே பிரிவு. 1954 நவம்பர் 1-ஆம் தேதி அதிகாரம் கைமாறும் வரை இந்தக் கோடுகளில் சுங்கச்சாவடி இருந்ததை என் அப்பா சொல்லக் கேட்டிருக்கிறேன். ஒரே வரப்பில் நடந்தாலும் சாவடியைத் தாண்டித்தான் அந்தப் பக்கம் போக வேண்டும். வீலேனும் அப்படித்தான்.

அடுத்த கேள்வி, எந்தச் செய்தி எந்தப் பிரிவைச் சேர்ந்தது என்று பெட்டிக்கு எப்படித் தெரியும்? இங்கேதான் எனக்கு என் பழைய நாற்காலியில் உட்கார்ந்த மாதிரி இருந்தது. கடலூர் ஆட்சியர் அலுவலகத்தில் தபால் வந்ததும் என்ன செய்வோம்? தேதி முத்திரை குத்தி, சிவப்புப் பென்சிலால் மூலையில் 'அ3' என்றோ 'ஆ1' என்றோ எழுதி, பகிர்மானப் பதிவேட்டில் ஏற்றிப் பிரிவுக்கு அனுப்புவோம். அதற்கப்புறம் அந்தக் கோப்பு எங்கே போனாலும் ந.க.எண்ணின் நடுவில் அந்த 'அ3' ஒட்டிக்கொண்டே போகும். எந்த மேசையில் அகப்பட்டாலும் யாருடையது என்று தெரியும். மனுக் கொடுத்தவருக்கு இந்த 'அ3' எல்லாம் தெரிய வேண்டியதில்லை.

வீலேனில் நடப்பதும் இதுதான். செய்தி போர்ட்டுக்குள் நுழைந்ததும் ஸ்விட்ச் அதற்குப் பிரிவு எண் குறித்துக்கொள்கிறது. வேறு பெட்டிக்கு அனுப்பும்போது செய்தியின் தலைப்பில் நாலே நாலு பைட் அளவுக்கு ஒரு குறிப்புச் செருகுகிறது. அதில் பிரிவு எண்ணுக்கு 12 பிட் இடம். 12 பிட்டில் 4096 எண்கள் எழுதலாம். முதலும் கடைசியும் தனி உபயோகத்துக்குப் போக 4094 பிரிவுகள் வைத்துக்கொள்ளலாம். எங்கள் ஆட்சியர் அலுவலகத்தில்கூட அத்தனை பிரிவு கிடையாது. போய்ச் சேரும் இடத்தில் குறிப்பை எடுத்துவிட்டுக் கொடுத்துவிடும். கம்ப்யூட்டருக்கு இது எதுவும் தெரியாது.

இந்தக் குறிப்பை ஆங்கிலத்தில் டேக் என்கிறார்கள். நான் பள்ளியில் பிரெஞ்சு மீடியம். பிரெஞ்சில் இதற்கு எத்திக்கெத் என்று பெயர். பொருளின்மேல் ஒட்டும் சீட்டு என்று அர்த்தம். அரசவை மரியாதை முறைக்குப் பெயரான எட்டிக்கெட்டும், நாம் பஸ்ஸில் வாங்கும் டிக்கெட்டும் அந்த ஒரே சொல்லிலிருந்து வந்தவை. சீட்டு, மரியாதை, பயண உரிமை மூன்றும் ஒரே வேரில் இருப்பதைப் பேரனிடம் சொன்னேன். "அதான் தாத்தா, டிக்கெட் இல்லாத பாக்கெட்டை இறக்கி விட்டுடுவோம்" என்றான்.

இந்த யோசனையை முதலில் சொன்னவர்களில் முக்கியமானவர் டேவிட் சின்காஸ்கி. அமெரிக்காவில் பெல்கோர் என்ற டெலிபோன் ஆராய்ச்சிக் கூடத்தில் வேலை பார்த்தவர். அவரும் சேஸ் காட்டன் என்பவரும் 1988-இல் ஒரு கட்டுரை எழுதினார்கள். ஈதர்நெட் கம்பிகளை இணைத்துப் பெரிய வலையாக வளர்க்கும்போது நெரிசலை எப்படிப் பிரிப்பது என்பதுதான் அவர்கள் எடுத்துக்கொண்ட பிரச்சினை. பத்து வருடம் கழித்து 1998-இல் அந்த வழி எல்லாக் கம்பெனிகளுக்கும் பொதுவான தர விதியாக வந்தது. அதன் எண் 802.1க்யூ. அதனால்தான் ஒரு கம்பெனிப் பெட்டி எழுதிய சீட்டை இன்னொரு கம்பெனிப் பெட்டி படிக்கிறது.

இரண்டு கட்டிடத்துக்கும் நடுவில் ஒரே கம்பி என்றேனே, அதில் நாலு பிரிவும் எப்படிப் போகும்? அந்தக் கம்பி செருகும் போர்ட்டுக்கு டிரங்க் என்று பெயர். நம் வயதுக்காரர்களுக்கு விளக்கவே வேண்டாம். டிரங்க் கால் புக் செய்துவிட்டுக் காத்திருந்தவர்கள்தானே நாம். ஊருக்குள் ஆளுக்கொரு லைன், ஊருக்கும் ஊருக்கும் நடுவில் எல்லோருக்கும் பொதுவான லைன். இதுவும் அதே டிரங்க்தான். சாதாரண போர்ட்டில் ஒரு பிரிவு மட்டும், சீட்டு இல்லாமல். டிரங்க் போர்ட்டில் பல பிரிவுகள், ஒவ்வொன்றும் சீட்டோடு.

பிரித்தால் மட்டும் போதாது. பதிவுக்காரருக்கு ஆய்வக முடிவு வேண்டும், கணக்கருக்கு இன்டர்நெட் வேண்டும். பிரிவுக்கும் பிரிவுக்கும் நடுவில் போக்குவரத்து வேண்டுமானால் அது ரவுட்டர் வழியாகத்தான். அதுதான் சுங்கச்சாவடி. இங்கேதான் பல இடங்களில் கோட்டை விடுகிறார்கள் என்றான் பேரன். வீலேன் போட்டுவிட்டு, ரவுட்டரில் எந்த விதியும் எழுதாமல் விட்டால், அது எல்லாப் பிரிவையும் எல்லாப் பிரிவோடும் பேச விட்டுவிடும். சாவடியில் ஆளே இல்லாமல் கட்டையைத் தூக்கி வைத்த மாதிரி. கோடு வரைபடத்தில் இருக்கும், ஆனால் மாட்டுவண்டி தாராளமாகப் போய்க்கொண்டிருக்கும்.

இது சின்ன இடத்துத் தொல்லை மட்டுமில்லை. 2022 நவம்பர் 23-ஆம் தேதி தில்லி எய்ம்ஸ் மருத்துவமனையின் சர்வர்கள் தாக்கப்பட்டன. உங்களுக்கு ஞாபகம் இருக்கும். பல நாட்கள் பதிவும் ரசீதும் பரிசோதனைச் சீட்டும் கையால் எழுதினார்கள். அடுத்த மாதம் நாடாளுமன்றத்தில் அரசு கொடுத்த பதிலில், ஐந்து சர்வர்கள் பாதிக்கப்பட்டதாகவும், சுமார் 1.3 டெராபைட் தகவல் பூட்டப்பட்டதாகவும், நெட்வொர்க்கைச் சரியாகப் பிரித்து வைக்காததே தாக்கியவர்களுக்கு வழிவிட்டது என்றும் சொன்னார்கள். நாட்டின் பெரிய மருத்துவமனைக்கே இந்தக் கதி என்றால் எங்களைப் பற்றி என்ன சொல்ல.

இதற்கு எதிர்ப்பக்கம் நம் தமிழ்நாட்டிலேயே ஒரு உதாரணம். 2019-இல் கூடங்குளத்தில் ஒரு கம்ப்யூட்டரில் கெட்ட நிரல் புகுந்துவிட்டது. முதலில் மறுத்தார்கள். அக்டோபர் 30-ஆம் தேதி அணுமின் கழகமே ஒப்புக்கொண்டது. புகுந்தது இன்டர்நெட்டோடு சேர்ந்த, அலுவலக நிர்வாகத்துக்கான வலையில் இருந்த ஒரு கம்ப்யூட்டரில்தான், உலையைச் சேர்ந்த முக்கியமான உள்வலை அதிலிருந்து பிரிக்கப்பட்டது, அதற்குப் பாதிப்பில்லை என்று அறிவித்தார்கள். திருடன் வராண்டா வரை வந்தான், நடுக்கதவு பூட்டியிருந்தது. வராண்டாவுக்கு வந்ததே தப்புதான். ஆனாலும் நடுக்கதவு என்று ஒன்று இருந்ததே, அதைத்தான் நாம் கவனிக்க வேண்டும்.

கமிட்டிக் கூட்டத்தில் இதையெல்லாம் சொல்லிச் செலவுக்கு அனுமதி கேட்டேன். இரண்டு ஸ்விட்ச், ஒரு ரவுட்டர், எல்லாம் சேர்த்துப் பத்தொன்பதாயிரம் ரூபாய். ஸ்விட்சுகள் சென்னை ரிச்சி தெருவில் வாங்கும் பழைய சிஸ்கோ பெட்டிகள். பணத்தைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை. எங்கள் கமிட்டியின் மூத்தவர், என்னைவிட எட்டு வயது பெரியவர், வேறொன்று கேட்டார். "பொருளாளரே, வர்ற ஜனங்களுக்குத் தனி, நமக்குத் தனின்னு பிரிக்கிறோம்னு சொல்றீங்க. தனிப்பந்தி, தனிக்குவளை எல்லாம் பார்த்துட்டு வந்தவன் நான். இந்த ஆஸ்பத்திரிலயும் அதே வேலையா?"

கூட்டம் அமைதியாகிவிட்டது. அவர் கேட்டது வாதத்துக்காக இல்லை. நந்தனார் வாசலில் நின்ற கதை உள்ள ஊர் இது. பிரித்து வைப்பது என்ற வார்த்தைக்கு இங்கே ஒரு பழைய வலி உண்டு. நான் கொஞ்சம் யோசித்துத்தான் பதில் சொன்னேன். "அண்ணே, கூடத்தில் பெஞ்சு எல்லாருக்கும் ஒண்ணுதான், வைஃபையும் அப்படியே இருக்கும், வேகமும் குறையாது. பெஞ்சைப் பிரிக்கலை, பதிவேட்டைப் பிரிக்கிறோம். உங்க ரிப்போர்ட்டை என் கண்ணுக்குப் படாம வைக்கிறது உங்களுக்கு அவமானமா, மரியாதையா? இது அவங்களை நம்மகிட்டேர்ந்து ஒதுக்குறதுக்கு இல்லை. அவங்க விஷயத்தை ஊர் வாயிலேர்ந்து காப்பாத்தறதுக்கு." அவர் சிறிது நேரம் பேசவில்லை. பிறகு, "வைஃபை குறையக்கூடாது, அதை மினிட்ஸ்ல எழுதுங்க" என்றார். எழுதினேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை பேரனும் நானும் கடலூரிலிருந்து பஸ் ஏறினோம். ஆலப்பாக்கம், புதுச்சத்திரம், பு.முட்லூர் என்று நாற்பத்தைந்து கிலோமீட்டர். வழி நெடுக அவன் நோட்டில் நாலு கட்டம் போட்டுக்கொண்டே வந்தான். 10 பதிவும் கணக்கும் பிரின்டரும். 20 மருத்துவர் அறைகளும் ஆய்வகமும். 30 கேமரா. 40 கூடத்து வைஃபை. பத்துப் பத்தாக ஏன் என்று கேட்டேன். நடுவில் புதுசா ஒண்ணு வந்தா இடம் வேண்டாமா என்றான். பதிவேட்டில் வரி விட்டு எழுதும் பழக்கம் இவனுக்கும் இருக்கிறது.

பெட்டி புதிதாக வரும்போது எல்லாப் போர்ட்டும் ஒன்றாம் எண் பிரிவில்தான் இருக்கும். அதனால்தான் யாரும் எதையும் செய்யாமலே வேலை செய்துவிடுகிறது. முதலில் நாலு பிரிவையும் பெயரோடு எழுதினான். பிறகு ஒவ்வொரு போர்ட்டாக, 'இது சாதாரண போர்ட்', 'இது இருபதாம் பிரிவு' என்று இரண்டிரண்டு வரி. யாரும் உபயோகிக்காத போர்ட்டுகளை மூடியே வைத்தான். அதில் கம்பி செருகினாலும் உயிர் வராது. வைஃபை பெட்டிக்கு மட்டும் டிரங்க். அது ஒன்றே இரண்டு பெயரில் ஒலிபரப்பும், ஊழியர் பெயரில் சேர்ந்தால் 10, பொதுப்பெயரில் சேர்ந்தால் 40.

டிரங்க் போர்ட்டில் எந்தெந்தப் பிரிவு போகலாம் என்ற பட்டியல் எழுதும்போது, எனக்குக் காட்டுவதற்காகவே நிறுத்தினான். பட்டியலில் 10, 20, 30 இருந்தன. 40-ஐச் சேர்க்க வேண்டும். "இங்க 'ஆட்'ங்கிற ஒரு வார்த்தை போடணும் தாத்தா. அதை விட்டுட்டு வெறுமனே 40-ன்னு அடிச்சா, 40 மட்டும்தான் போகும். மத்த மூணும் அந்த நிமிஷமே செத்துடும். இதுல மாட்டிக்கிட்டு ராத்திரி பூரா உக்காந்தவங்க எத்தனையோ பேர்" என்றான். அரசாணையில் 'சேர்க்கப்படுகிறது' என்பதற்கும் 'பதிலாக வைக்கப்படுகிறது' என்பதற்கும் உள்ள வித்தியாசம்தான். அந்த ஒரு வார்த்தை மாறியதால் ஊழியர்களின் படி மாதக்கணக்கில் நின்றதை நான் பார்த்திருக்கிறேன். அதனால் உடனே புரிந்தது.

இன்னொன்றும் எனக்குப் பழக்கமானதுதான். அடித்த கட்டளைகள் உடனே அமலுக்கு வந்துவிடுகின்றன. ஆனால் தனியாக ஒரு கட்டளை கொடுத்துச் சேமிக்காவிட்டால், கரண்ட் போய் வந்ததும் எல்லாம் மறந்துபோய்ப் பழையபடி நிற்கும். வாய்மொழி உத்தரவு மாதிரி. அதிகாரி சொன்னார் என்று வேலை நடக்கும், அவர் மாற்றலாகிப் போனதும் கோப்பில் ஒன்றும் இருக்காது. நம் மாவட்டத்தில் கரண்ட் எப்படி என்று சொல்லத் தேவையில்லை. 2011 டிசம்பரில் தானே புயலுக்குப் பிறகு எத்தனை நாள் இருட்டில் கிடந்தோம்! சேமித்தபின், அவனே மெயின் ஸ்விட்சை அணைத்துப் போட்டுப் பார்த்தான்.

கடைசியில் ரவுட்டர் விதிகள். 40-லிருந்து இன்டர்நெட்டுக்குப் போகலாம், வேறெங்கும் கூடாது. 30-லிருந்து எங்கும் போகக்கூடாது, இன்டர்நெட்டுக்கும் கூடாது. அலுவலகத்தில் ஒரு கம்ப்யூட்டர் மட்டும் கேமராவைப் பார்க்கலாம். 10-லிருந்து 20-க்கு, முடிவு எடுக்கும் ஒரே வழி மட்டும் திறப்பு. சொல்லாதது எல்லாம் மறுப்பு. இந்தக் கடைசி வரிதான் முக்கியம் என்றான்.

பிறகு சோதனை. நான் கூடத்துப் பெஞ்சில் போய் உட்கார்ந்து என் கைபேசியில் பிரின்டரைத் தேடினேன். சக்கரம் சுற்றிக்கொண்டே இருந்தது, ஒன்றும் அகப்படவில்லை. அந்த மாணவன் காட்டிய போல்டரையும் தேடினேன், இல்லை. செய்தித்தாள் திறந்து பார்த்தேன், பழைய வேகத்திலேயே வந்தது. மினிட்ஸில் எழுதியதை மீறவில்லை. பேரன் கேமராவின் கம்பியைப் பிடுங்கித் தன் லேப்டாப்பில் செருகி, கணக்குக் கம்ப்யூட்டரைக் கூப்பிட்டுப் பார்த்தான். பதில் இல்லை. பதில் வராததைப் பார்த்து இரண்டு பேர் அவ்வளவு சந்தோஷப்பட்டதை வாட்ச்மேன் விநோதமாகப் பார்த்தார்.

அவன் கிளம்பும்போது நான் ஒரு நீள நோட்டை எடுத்துக் கோடு போட்டேன். எந்தப் பெட்டி, எந்தப் போர்ட், எந்த அறை, எந்தப் பிரிவு, யார் சொல்லி எந்தத் தேதியில். அதே பட்டியலைப் பெட்டி இருக்கும் அலமாரிக் கதவின் உள்பக்கம் ஒட்டினோம். ஏனென்றால் இந்தச் சுவர் செங்கல் சுவர் இல்லை, எழுத்தால் ஆன சுவர். பெருக்க வந்தவர் ஒரு கம்பியைக் கழற்றிப் பக்கத்து ஓட்டையில் செருகினால், ஆய்வகம் கூடத்துக்குக் குடிபோய்விடும். யாரும் சத்தம் போடமாட்டார்கள். 1993 செப்டம்பர் 30-இல் தென்னாற்காடு மாவட்டத்தை இரண்டாகப் பிரித்தபோது, கோப்புகளில் ஊர்ப்பெயர் சரியாக எழுதியிருந்த பிரிவுகள் சிரமமில்லாமல் பிரிந்தன. எழுதாமல் விட்டிருந்த கட்டுகள் எங்கும் போய்ச் சேராமல் கிடந்தன. பிரிவு காகிதத்தில் இருந்தால் போதாது, அதைக் காப்பாற்ற ஒரு குமாஸ்தா வேண்டும். இப்போது மாதம் ஒருமுறை நோட்டையும் போர்ட்டுகளையும் ஒப்பிட்டுப் பார்த்துக் கையெழுத்துப் போடுகிறேன்.

இது சர்வரோக நிவாரணியும் இல்லை. கணக்குக் கம்ப்யூட்டரில் யாராவது கெட்ட மெயிலைத் திறந்தால் பத்தாம் பிரிவுக்குள் அது பரவத்தான் செய்யும். அடுத்த பிரிவுக்குப் போக வழி குறையும், அவ்வளவுதான். ஆய்வகப் போல்டருக்குக் கடவுச்சொல் போட்டோம், தினமும் நகல் எடுத்துக் கழற்றி வைக்கிறோம். 2023-இல் தனிநபர் தகவல் பாதுகாப்புக்கென்றே சட்டம் வந்துவிட்டது. ஆனால் எங்களுக்கு அதைவிடப் பெரிய காரணம், நம்பி ரத்தம் கொடுத்துவிட்டுப் போகிறவர்கள்.

உங்கள் வீட்டுக்கும் ஒரு வார்த்தை. வீலேன் எல்லாம் வேண்டாம். இப்போது வரும் பல வைஃபை பெட்டிகளில் 'கெஸ்ட் நெட்வொர்க்' என்று ஒன்று இருக்கிறது. விருந்தாளிக்கான தனி வைஃபை. பிரிக்கிற வேலையை அதுவே செய்துகொள்ளும். வீட்டுக்கு வருகிறவர்களுக்கு அந்தக் கடவுச்சொல்லைக் கொடுங்கள். நீங்கள் பென்ஷனும் வங்கியும் பார்க்கும் கைபேசி உள்வலையில் இருக்கட்டும். வாசல் கேமரா மாட்டியவர் வைத்துவிட்டுப் போன கடவுச்சொல் இன்னும் அப்படியே இருந்தால் மாற்றிவிடுங்கள். எப்படி என்று தெரியாவிட்டால் பொங்கலுக்கு வரும் பேரனையோ பேத்தியையோ கேளுங்கள், பத்து நிமிட வேலை. செய்து முடித்தபின் புதுக் கடவுச்சொல்லை ஒரு தாளில் எழுதி, ரேஷன் கார்டு வைக்கும் இடத்தில் வைத்துவிடுங்கள். அதை அந்தப் பெட்டியின் மேலேயே ஒட்டிவிடாதீர்கள்.